ஜாய்சன் நட்ட குச்சி

அனகாபுத்தூர் பஸ் நிறுத்தத்தில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில், கழுத்துக்கு மேலே மட்டும்தான் ஜாய்சன் இருந்தான். கழுத்துக்குக் கீழே இருந்தவன் யாரோ எவனோ. கதவு அகலத்துக்குத் தோள், மார்பில் குறுக்காகத் தோட்டா மாலை, இரண்டு கையிலும் ஏந்திய பெரிய துப்பாக்கி, பின்னால் தீப்பிடித்து எரியும் ஒரு ஹெலிகாப்டர். 'எதிரிகளைச் சுட்டு வீழ்த்தி வீர மரணம் எய்திய எங்கள் சிங்கமே' என்று மஞ்சள் எழுத்து. அதன் கீழே வருத்தம் தெரிவிக்கிறவர்கள் செல்போனைக் காதில் வைத்தபடி சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் நின்றார்கள்.

அதைச் செய்தவன் சேட்டு. ஜாய்சனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பம்மலில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். சாவுச் செய்தி வந்த அன்று அழுதுகொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இண்டர்நெட்டில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பட்டாளத்தான் உடம்பில் சிநேகிதன் தலையை ஒட்டிவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. நம் பக்கத்தில் காதுகுத்துக்கு வைக்கிற பேனரிலேயே தாய்மாமன் சிங்கத்தின் மேல் உட்கார்ந்துதான் வருகிறார். பட்டாளத்தில் போய்ச் செத்தவன் கையில் ஒரு துப்பாக்கிகூட இல்லையென்றால் சேட்டுவுக்கு மனசு கேட்குமா?

ஜாய்சனின் மனைவி ஜாஸ்மின் அந்தப் பேனரை ஒரு வாரம் பார்க்கவே இல்லை. தேசியக் கொடி போர்த்திய பெட்டி வந்தது, மாதா கோயிலில் பூசை நடந்தது, கல்லறைத் தோட்டத்தில் சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். எல்லாம் அவள் கண்ணெதிரே நடந்தது. எதுவும் கண்ணுக்குள் போகவில்லை. மறுபடியும் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போன முதல் நாள்தான் அந்தப் பேனருக்குக் கீழே நின்றாள். ஜீவிதா அப்போது இரண்டாம் வகுப்பு. கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா எப்பம்மா கைல பச்ச குத்திகினாரு?"

ஜாஸ்மின் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வெளிநாட்டுக்காரன் கையில், முழங்கைக்கு மேலே, இறக்கை விரித்த ஒரு கழுகு இருந்தது. பிள்ளை அப்பாவை மொத்தமாகப் பார்த்ததே லீவு நாட்களில்தான். அவன் கை எப்படி இருந்தது, என்ன செய்தது என்பது இன்னும் கொஞ்ச நாளில் அவளுக்கு மறந்துபோகும். அப்புறம் யாரோ ஒருத்தன் கைதான் அப்பா கை என்று மனசில் நிற்கும்.

"அது அப்பா கை இல்ல, ஜீவி," என்றாள்.

"பின்ன யாரு கை?"

பள்ளிக்கூட மணி அடித்தது, இருவரும் ஓடினார்கள்.

பேனர் பரவாயில்லை, ஒரு காற்றடித்தால் கிழிந்துவிடும். அதற்குப் பின்னால் வந்ததுதான் பெரிய பேஜார். குடியிருப்போர் நலச் சங்கம் கூடி, தெருமுனையில் சங்கத்துக்குச் சொந்தமான மூலையில் ஜாய்சனுக்கு ஆளுயரச் சிலை வைப்பது, முதலாம் ஆண்டு நினைவு நாளில் திறப்பது என்று முடிவு செய்தது. சங்கத் தலைவர் சத்யநாராயணன், தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். வீடு தேடி வந்து மாதிரிப் படத்தைக் காட்டினார். பேனர் அப்படியே சிமெண்டாக நின்றது. கழுகு மட்டும் இல்லை.

"சார், அவர் கைல துப்பாக்கி வேணாம் சார்," என்றாள் ஜாஸ்மின்.

"ஏம்மா? சோல்ஜர்னா கன் இல்லாம எப்படிம்மா? பாக்கறவங்களுக்கு ஒரு கம்பீரம் தெரிய வேண்டாமா?"

"அவர் யாரையும் சுடல சார். அவர் சூடானுக்கு சண்டைக்கும் போகல. வெள்ளம் வராம கரை கட்டத்தான் போனாரு."

சத்யநாராயணன் சங்கடத்தோடு, மூலையில் உட்கார்ந்திருந்த ஜாய்சனின் அப்பாவைப் பார்த்தார். அவர் பெயர் அன்பு. தோல் பதனிடும் தொழிற்சாலையில் உழைத்து, அது மூடியதும் வாட்ச்மேனாகி, இப்போது வீட்டோடு இருப்பவர். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"துப்பாக்கி இல்லாத பட்டாளத்தான் எங்கனா கீறானா? நீ செய்யி சார். அவ அப்டித்தான் எதுனா சொல்லிகினு இருப்பா."

சத்யநாராயணன் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். ஜாஸ்மின் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நினைவு நாளுக்குள் அந்தத் துப்பாக்கியை இறக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் தன் மகள் தினமும் ஒரு பொய்யைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. மாமனாரையும் சங்கத்தையும் எதிர்த்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்பதுதான் தெரியவில்லை.

ஜாய்சன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிட்டால் அவள் தவிப்பு விளங்கும். ஆள் ஒல்லி. நடந்தால் தரையைப் பார்த்துத்தான் நடப்பான். புதிதாகப் பார்ப்பவர்கள் எதையோ தொலைத்துவிட்டான் என்று கூடவே தேடுவார்கள். அவன் பார்ப்பது தரையின் சரிவை. அவன் பிறந்து வளர்ந்த தெரு அடையாற்றின் ஓரத்தில் இருக்கிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த ஆறு இருக்கிற இடமே தெரியாது. மழை வந்தால் தெருவுக்குள்ளேயே வந்து தன்னை ஞாபகப்படுத்தும். சின்ன வயதில் ஐஸ் தின்றுவிட்டு மற்ற பிள்ளைகள் குச்சியை வீசுவார்கள். இவன் மட்டும் அதைத் தண்ணீர் ஓரத்தில் நட்டுவைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பான். சேட்டு அவனை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்தான். முதல் வேலை சிறுசேரிப் பக்கம் ஒரு கட்டடத்தில் மேற்பார்வை. மழைநீர் வாய்க்காலை மேட்டைப் பார்த்துச் சரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "தண்ணி மேடேறாது சார்" என்று கான்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னான். மறுநாள் வேலை இல்லை. அந்தக் கோபத்தோடு ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போனவன்தான், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படையில் சேர்ந்துவிட்டான். படைக்கு முன்னால் போய்ப் பாதை போடுகிறவர்கள், பாலம் கட்டுகிறவர்கள், வெள்ளம் வந்த ஊரில் முதலில் இறங்குகிறவர்கள். அவனுக்கென்றே வைத்திருந்த வேலை.

மகன் பட்டாளத்தில் சேர்ந்ததில் அன்புவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் லீவில் வந்தவனை டீக்கடைக்கு இழுத்துப்போய் எல்லார் முன்னாலும் கேட்டார், "இன்னாடா, எத்தினி பேர சுட்ட?"

"ஒரு பாலம் கட்னோம் நைனா. மலைல. சூப்பரா வந்துச்சி," என்றான் ஜாய்சன்.

டீக்கடையே சிரித்தது. அன்பு மட்டும் சிரிக்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜாஸ்மினைப் பெண் பார்க்கப் போன கதையும் அப்படித்தான். வந்தவன் பெண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தான், முற்றத்தைப் பார்த்தான், "மழை பெஞ்சா இங்க தண்ணி எங்க போவுது?" என்று கேட்டான். வீட்டை எழுதிக் கேட்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று ஜாஸ்மினின் அப்பாவுக்குக் குலை நடுங்கியது. உள்ளே இருந்த ஜாஸ்மினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி ஒரு ஆளோடு வாழ்ந்தால் வாழ்க்கை சலிக்காது என்று அப்போதே தோன்றிவிட்டதாகப் பின்னால் சொல்வாள்.

அந்தக் குச்சி வைத்தியம் எதற்கு ஆகும் என்று தெரு தெரிந்துகொண்டது 2015 டிசம்பரில். ஜாஸ்மின் அப்போது ஜீவிதாவை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள், ஜாய்சன் லீவில் வந்திருந்தான். விடாத மழை. தெருக்கோடியில் தண்ணீர் எட்டிப் பார்த்ததுமே ஒரு சவுக்குக் குச்சியில் சிவப்பு டேப்பைச் சுற்றி, தண்ணீர் விளிம்பில் நட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். தெருவே கேலி செய்தது. அவன் சொன்னான், "தண்ணி ஏறுதா எறங்குதான்னு கண்ணால பாத்தா தெரியாது. பயந்தவனுக்கு எப்பவும் ஏறும், குடிச்சவனுக்கு எப்பவும் எறங்கும். குச்சி நட்டாதான் தெரியும்."

டீ குடித்துவிட்டு வருவதற்குள் குச்சியைத் தாண்டித் தண்ணீர் நின்றது. இன்னொன்றை நட்டான். அது இன்னும் சீக்கிரம் முழுகியது. அப்புறம் அவன் டீயைப் பற்றி யோசிக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீடு வீடாகக் கதவைத் தட்டி, எல்லாரையும் கோயிலை ஒட்டிய பள்ளிக்கூட மாடிக்கு அனுப்பினான். எதிர்வீட்டுக் கங்கையம்மாள் தன் கோழிகளை விட்டு வரமாட்டேன் என்றாள். ஒரு கையில் கோழிக் கூண்டு, தோளில் கங்கையம்மாள் என்று தூக்கிக்கொண்டே போய்விட்டான். அவள் அவன் முதுகில் குத்திக்கொண்டே போனாள்.

அசைக்க முடியாத ஆள் சொந்த அப்பாதான். "நா பொறந்ததுலேர்ந்து பாக்குற ஆறுடா இது. எனுக்கு நீ சொல்றியா?" என்றார் அன்பு. ஜாய்சன் மல்லுக்கட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்க் குச்சிக்குப் பக்கத்தில் போட்டான்.

"நைனா, இங்க குந்து. குச்சி முழுகுற வரைக்கும் நா வாயத் தொறக்கல."

அன்பு வீம்புக்கு உட்கார்ந்தார், குடை பிடித்துக்கொண்டு. தண்ணீர் குச்சியை விழுங்கியது, அவர் காலைத் தொட்டது, கணுக்காலுக்கு ஏறியது. எழுந்தார். நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தார். விடிந்தபோது அந்தத் தெருவில் கதவுகளின் மேல்கட்டை மட்டும்தான் தெரிந்தது. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ சாவு விழுந்த அந்த வெள்ளத்தில், அந்தத் தெருவில் ஒரு உயிர் போகவில்லை. கங்கையம்மாளின் கோழிகூடச் சாகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வெள்ளம் நின்ற உயரத்துக்கு நீலக் கோடு போட்டான். அழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வெள்ளையடித்தபோது எல்லாரும் அழித்துவிட்டார்கள். வெள்ளத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்புவார்கள்?

ஹவில்தாராகி, ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படையில் தென் சூடானுக்குப் போனபோது அவன் பச்சைத் தொப்பி நீலத் தொப்பியானது. நைல் நதிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சண்டையில் வீட்டை விட்டு ஓடிவந்த ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஒரு முகாமில் இருந்தார்கள். முகாமைச் சுற்றி மண் கரை. கரைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளம், இந்தப் பக்கம் தார்ப்பாய்க் குடிசைகள். அந்தக் கரையைக் காப்பதுதான் அவர்கள் வேலை. வீடியோ காலில் ஜாஸ்மினுக்குக் காட்டினான். "அப்டியே நம்ம தெரு மாரியே கீது பாரு. ஆறு மட்டும் கொஞ்சம் பெருசு," என்றான். பின்னால் சின்னப் பிள்ளைகள் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டின. இதெல்லாம் ஜாஸ்மினுக்குத் தெரியும். அவன் எப்படிச் செத்தான் என்பதையும் அதிகாரி போனில் சொல்லியிருந்தார். கரை சரிந்து. தோட்டா இல்லை, குண்டு இல்லை, எதிரியும் இல்லை.

அன்புவும் அதைக் கேட்டவர்தான். ஆனால் டீக்கடையில் அவர் சொன்ன கதை வேறு. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எதிரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. செய்தி வந்த மறுநாள் யாரோ ஒருவன் அவர் காதுபடச் சொல்லியிருந்தான், "மண்ணு சரிஞ்சா செத்தான்? அத்துக்கு இன்னாத்துக்கு சூடான் போவணும்? இங்க பள்ளம் தோண்றவன் சாவறது மாரி தான." அன்றைக்கு மூடிக்கொண்ட மனசு அவருக்கு. அதற்கு மேல் மகனின் சாவைப் பற்றி வீட்டில் யார் பேச்செடுத்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார்.

நினைவு நாளுக்குச் சில வாரம் இருந்தபோது பென்னி வந்தான். ஜாய்சனோடு அங்கே இருந்தவன், வேலூர்ப் பக்கத்துக்காரன், ஜாஸ்மினை அண்ணி என்று கூப்பிடுவான். கரை சரிந்த அன்று அவனுக்கும் கால் முறிந்து, நெடுநாள் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு இப்போதுதான் நடக்கிறான். சும்மா வரவில்லை, கையில் ஒரு சிவப்பு டேப் சுருளைக் கொண்டுவந்திருந்தான். "அண்ணனோடது. பெட்டி அனுப்பும்போது இது என் பையிலயே இருந்துட்டுது," என்றான்.

அன்பு வழக்கம்போல எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஆனால் தெருவுக்கு இறங்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பென்னி சொன்னான். "அன்னைக்கு மழை இல்லீங்க அண்ணி. நல்ல வெயில். கரைல ஒரு எடத்துல மண்ணு எளகியிருக்குன்னு மண்ணு அள்ற மெஷின் வச்சி அணைச்சிட்டிருந்தோம். மெஷின ஓட்னது அந்த ஊர் ஆளு, டெங்னு பேரு, நாலு புள்ளைங்க அவனுக்கு. அண்ணன் காலைல வந்ததும் எப்பவும் போல சரிவுல வரிசையா குச்சி நட்டாரு. சிவப்பு டேப் சுத்தி."

வாசலில் நாற்காலி நகர்ந்தது.

"குச்சி நட்டானா?" என்று கேட்டார் அன்பு. திரும்பவில்லை.

"தெனம் நடுவாருப்பா. நட்டுட்டுத்தான் டீயே குடிப்பாரு. அங்க எல்லாரும் அவர அதுக்கு ஓட்டுவோம்." பென்னி முறிந்த காலை நீட்டிக்கொண்டான். "மத்தியானம் அந்தக் குச்சிங்க சாஞ்சிருந்துது. யாரும் கவனிக்கல, அவர்தான் பாத்தாரு. கரை நகருது, எல்லாரும் ஓடுங்கன்னு கத்துனாரு. கீழ முப்பது நாப்பது பேர் மண்ணு மூட்டை தூக்கிட்டிருந்தாங்க, பொம்பளைங்க நெறைய. எல்லாம் ஓடிட்டாங்க. டெங் காதுல மட்டும் விழல. மெஷின் சத்தம். அண்ணன் ஓடிப்போயி கதவத் தொறந்து அவன வெளிய இழுத்துத் தள்ளுனாரு. நான் பாதி தூரம்தான் போனேன். டெங் உருண்டு மேல வந்துட்டான். அண்ணனையும் மெஷினையும் கரை எடுத்துட்டுப் போயிட்டுது."

ஜீவிதா பென்னியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அன்பு எழுந்து உள்ளே வந்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது, தூறலில் அவ்வளவு நனையாது.

"டீக்கடையில ஒருத்தன் சொன்னான், பள்ளம் தோண்றவன் சாவறது மாரி செத்தான்னு," என்றார்.

"ஆமா மாமா," என்றாள் ஜாஸ்மின். "அதே மாரிதான். பள்ளத்துல எறங்குனவங்க சாவக் கூடாதுன்னு போனாரு. அதுல இன்னா கொறச்சல்?"

அன்பு அந்தச் சிவப்பு டேப்பை வாங்கிக் கையில் வைத்து உருட்டினார்.

மறுநாள் ஜாஸ்மின் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், தான் தையல் சரிபார்க்கிற கம்பெனியில் இருந்தபோது சேட்டு போன் பண்ணினான். "யம்மா, உன் மாமனாரு காலைலேர்ந்து சிலை செய்யற கொட்டகையில குந்திகினு கீறாரு. நகர மாட்றாரு. நீ கொஞ்சம் வாம்மா." பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் பிடித்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. புனிதர்களும் தலைவர்களும் வர்ணம் பூசாமல் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஜாய்சன் முகத்தோடு அந்தத் தோள் பெருத்த உடம்பு. அதன் காலடியில் அன்பு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நீளச் சவுக்குக் கழி, தலைப்பில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

சிலை செய்கிறவர் நொந்துபோயிருந்தார். "அச்சு இது ஒண்ணுதாம்மா எங்கிட்ட இருக்கு. பட்டாளம்னா எல்லாருக்கும் இதுதான் ஊத்துவேன். துப்பாக்கிய எடுத்தா கை ரெண்டும் அந்தரத்துல நிக்கும். இவர் என்னடான்னா குச்சியக் குடுன்றாரு."

"தோளும் அவன்து இல்ல," என்றார் அன்பு. "எம் புள்ள ஒல்லி. அத்தயும் செதுக்கு."

அதற்கு முன்பே சேட்டு சத்யநாராயணனுக்குத் தகவல் சொல்லியிருந்தான். அவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார். "அன்பு, இன்விடேஷன் எல்லாம் அடிச்சாச்சே. நீங்கதானே அன்னிக்கு கன் வேணும்னு சொன்னீங்க?"

"சொன்னேன் சார். எனுக்கு அப்ப தெரியல," என்றார் அன்பு. "இல்ல, தெரியும். தெரிஞ்சிகினே சொன்னேன். சார், எம் புள்ளய நா அவன் உசுரோட இருந்த வரைக்கும் துப்பாக்கி எங்கடா, துப்பாக்கி எங்கடான்னு கேட்டுகினே இருந்தேன். செத்தப்பறமாவது அவன உட்டுடறேன் சார்."

சத்யநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிலை செய்கிறவரிடம் திரும்பி, "கையை மட்டும் மாத்தினா போதுமா, இல்ல மொத்தமா புதுசா பண்ணணுமா?" என்று கேட்டார். அவரை நல்ல மனிதர் என்று சொன்னது சும்மா இல்லை.

சேட்டு அன்று மாலையே ஏணி போட்டு ஏறி, ஒரு வருஷ வெயிலில் வெளுத்துப்போன அந்தப் பேனரைத் தன் கையால் கழற்றினான்.

பீடம் ஜாஸ்மினின் யோசனை. கல்வெட்டில் பெரிய வாசகம் எதுவும் வேண்டாம், பெயரும் பிறந்த தேதியும் போன தேதியும் போதும் என்றாள். பீடத்தின் முன்பக்கத்தில் கீழிருந்து மேலாக மூன்று நீலக் கோடு மட்டும் போடச் சொன்னாள். முதல் கோடு வரைக்கும் தண்ணீர் வந்தால் வண்டியை மேட்டில் ஏற்று, இரண்டாவதற்கு வந்தால் சாமானைப் பரணில் ஏற்று, மூன்றாவதைத் தொட்டால் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பு. லீவில் வரும்போதெல்லாம் ஜாய்சன் தெருவுக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்த பாடம் அதுதான். சேட்டுவே பெயிண்ட் டப்பாவோடு வந்து உட்கார்ந்தான்.

"பக்கத்துல இன்னா எழுதணும்மா?"

"வெறும் கோடு போதும்ணா. தெருவுக்குத் தெரியும்."

நினைவு நாளில் பூசை முடிந்து எல்லாரும் மூலையில் கூடினார்கள். துணியை விலக்கியதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒல்லியாக ஒருவன், நீலத் தொப்பியும் முழங்கால் வரைக்கும் சேறும், ஒரு கையில் குச்சி, தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் அச்சு அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குனிவு அவனேதான். மைக்கில் பேச அப்பாவைக் கூப்பிட்டார்கள். அன்பு வாழ்நாளில் மைக் பிடித்ததில்லை.

"எம் புள்ள யாரையும் சுடல," என்றார். டீக்கடைக்காரர்கள் நின்ற பக்கமாகப் பார்த்துச் சொன்னார். "இத்தினி நாளா நா சொன்னது பொய்யி. அவன் அங்க கரை காத்தான். ஒருத்தன இழுத்து வெளிய உட்டுட்டு உள்ள போய்ட்டான். இங்கயும் அத்ததான் செஞ்சான், நீங்கள்லாம் பாத்தீங்க. எனுக்குத்தான் அத்து ஒரு வேலையாவே தெரியல."

மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஜீவிதாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

அந்த டிசம்பரிலேயே புயல் வந்தது. இரண்டு நாள் மழையில் ஆறு தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. முதல் நாள் காலையிலேயே சத்யநாராயணன் போன் பண்ணினார். "ஜாஸ்மின், ஜாய்சன் எந்தக் கோட்டுல இருக்காரும்மா?"

"இன்னும் மொதக் கோட்டத் தொடல சார்."

அதற்கப்புறம் போன் ஓயவில்லை. முன்னெல்லாம் 'தண்ணி வருதாமே' என்று கேட்ட தெரு, இப்போது 'ஜாய்சன் இன்னா சொல்றான்' என்று கேட்டது. மத்தியானம் முதல் கோட்டைத் தொட்டபோது வண்டிகளெல்லாம் மேட்டுக்குப் போயின. மறுநாள் காலை இரண்டாவது முழுகியது, சாமான்கள் பரணுக்கு ஏறின. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கோட்டில் தண்ணீர் அலம்பியது. ஜாஸ்மின் யாரையும் கூப்பிடப் போவதற்குள், எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கங்கையம்மாள் இடுப்பில் கோழிக் கூண்டோடு வெளியே வந்து, தன் கையாலேயே பூட்டை மாட்டினாள். பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு தயங்கி நின்றாள்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்றாள் கங்கையம்மாள். "ஜாய்சன் சொல்ட்டான். கெளம்பு."

அந்தச் சொல் ஜாஸ்மினை எங்கேயோ தொட்டது. பெட்டி வந்த நாளிலிருந்து அவனைப் பற்றி யார் பேசினாலும் இருந்தான், செய்தான், செத்தான் என்றுதான் பேசினார்கள். இன்றைக்கு ஒருத்தி, அவன் இப்போதுதான் கதவைத் தட்டிவிட்டுப் போன மாதிரி பேசினாள். அழுகை வந்தது. அழ நேரம் இல்லை. தண்ணீருக்குள் இறங்கி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் அன்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

மூலை திரும்பும்போது அந்தப் புதுப் பெண் கேட்டாள். "யாரு பாப்பா அந்த ஜாய்சன்? எல்லாரும் அவர் பேச்சக் கேட்டு கெளம்புறீங்க?"

"எங்கப்பா," என்றாள் ஜீவிதா. "அதோ, குச்சி வச்சிகினு நிக்கிறாரு பாருங்க."